லோ கார்பில் குறைத்த எடையைத் தக்கவைப்பது எப்படி? சேலம் சமையலறைக்கு ஒரு செய்முறை

லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைக்கும் முறையில் சோறு, இட்லியை ஒதுக்கிப் பத்து கிலோ குறைத்தவர்கள் சேலத்தில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். இரண்டு வருடம் கழித்தும் அதே எடையில் நிற்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதற்கு வாயைக் கட்டத் தெரியாததுதான் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் தப்பு. ஒரு கிலோ குறைந்தால் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. பசியோ கிலோவுக்குக் கிட்டத்தட்ட 100 கலோரி கூடுகிறது. அதனால் தக்கவைப்பதற்கென்று தனியாக ஒரு முறை வேண்டும்.

முன்னதாக ஒன்று. இன்சுலின், கிளிமிபிரைடு, டபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்காமல் மாவுச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

படி 1: அளக்கப் பழகுங்கள்

எடை மெஷின், சமையலறைத் தராசு, இஞ்ச் டேப், ஒரு நோட்டு. இவ்வளவு போதும். காலையில் கழிப்பறை போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் எடையையும் கூட்டி ஏழால் வகுத்தால் வருவது வாரச் சராசரி. முடிவுகளெல்லாம் அதை வைத்துத்தான். தினசரி எண் ஏறும், இறங்கும். எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். வாரம் ஒரு நாள், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு எடுங்கள்.

படி 2: உங்கள் உச்சவரம்பைக் கண்டுபிடியுங்கள்

உச்சவரம்பு என்பது எடை ஏறாமல் நாளுக்கு நீங்கள் சாப்பிடக்கூடிய அதிகபட்ச மாவுச்சத்து. இந்த முறையின் உயிரே இந்தப் படிதான்; அவசரப்படாதீர்கள். எடை குறைத்த காலத்தில் நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருந்தால், இந்த வாரம் 50, அடுத்த வாரம் 60 என்று வாரம் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். மற்ற சாப்பாட்டை மாற்ற வேண்டாம்.

நார்ச்சத்தைக் கழித்தால் பத்து கிராம் மாவுச்சத்து என்பது ஏறக்குறைய இவ்வளவு: வெந்த சோறு 35 கிராம், கொண்டைக்கடலைச் சுண்டல் 50 கிராம், ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளை 100 கிராம், பலாச்சுளை இரண்டு, நடுத்தர இட்லி ஒன்று. மாம்பழத்தைத் தராசில் வைத்தே சாப்பிடுங்கள். 400 கிராம் மல்கோவாவில் தோலும் கொட்டையும் போக 270 கிராம் சதை தேறினால், அதில் மட்டும் 36 கிராம் மாவுச்சத்து. ஒரு பக்கக் கதுப்பைச் சீவி எடையைக் குறித்துக்கொண்டு, மிச்சத்தை வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பழத்தை முழுசாகக் கையில் எடுத்தால் கணக்கு நிற்காது.

முதல் இரண்டு வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறலாம். பயந்துபோய் நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஏறியது பெரும்பாலும் அதுதான். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக வேண்டும். அது இரண்டு நாளில் நடக்காது. தண்ணீர் ஏறி அடங்கியபின் வரும் சராசரியே உங்கள் அடிப்படை எடை.

பிறகு சராசரி இரண்டு வாரம் தொடர்ந்து ஏறி, இடுப்பும் கூடினால், பத்து அல்லது இருபது கிராம் பின்வாங்குங்கள். அந்த இடம்தான் உச்சவரம்பு. சிலருக்கு 70-இல் நிற்கும், சிலர் 130 வரை தாங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்கு உதவாது.

படி 3: ஓட்டைகளை அடையுங்கள்

எடை திரும்ப ஏறும்போது எல்லோரும் சோற்றைச் சந்தேகப்படுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் கொழுப்பு. "மாவுச்சத்து இல்லையென்றால் நெய் எவ்வளவு வேண்டுமானாலும்" என்பது தக்கவைக்கும் கட்டத்தில் செல்லாது. ஒரு மேசைக்கரண்டி நெய் 120 கலோரி. டிவி முன் கொறிக்கும் 60 கிராம் வேர்க்கடலை 340 கலோரி. 2018-இல் வெளியான அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள்: கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ இழந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்தது காபி. சர்க்கரை போடாவிட்டாலும் 100 மில்லி பாலில் 5 கிராம் மாவுச்சத்து உண்டு. நாளுக்கு நான்கு டம்ளர் என்றால் இரண்டு இட்லி. ஏற்காட்டுக் காபித்தூளைக் கறுப்பாகக் குடித்துப் பழகினால் அந்த இருபது கிராமை நல்ல சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிறுதானியம் இன்னொரு மயக்கம். சாமை, தினை, ராகி எல்லாவற்றிலும் மாவுச்சத்து நூற்றுக்கு அறுபதுக்கு மேல். நல்ல தானியம்தான், அளந்து சாப்பிட்டால். நம்மூர் ஜவ்வரிசி அதைவிட மோசம், கிட்டத்தட்ட 88. தட்டுவடை செட்டில் இருக்கும் காரட், பீட்ரூட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேலும் கீழும் இருப்பது எண்ணெயில் பொரித்த மாவு.

படி 4: தட்டில் புரதம் முதலில்

உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம். 70 கிலோ ஆளுக்கு 85 முதல் 110 கிராம். மூன்று முட்டையில் 18, மேட்டூர் அணை மீன் 150 கிராமில் ஏறத்தாழ 27, உலர்ந்த மீல் மேக்கர் 50 கிராமில் 25. பாதித் தட்டு காய்: உழவர் சந்தையில் காலையிலேயே கிடைக்கும் பீர்க்கன், சுரை, அவரை, கீரை. ஏற்காடு போனால் பட்டர் ஃப்ரூட் வாங்குங்கள். பலாவைவிட மாவுச்சத்து மிகக் குறைவு, நார்ச்சத்து அதிகம், மலச்சிக்கலுக்கும் நல்லது.

வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12 தடவை, மூன்று சுற்று. மற்ற நாட்களில் நடை, காந்தி ஸ்டேடியமோ மூக்கனேரிக் கரையோ. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது தக்கவைத்தவர்களை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் தினம் ஒரு மணி நேரம் அளவுக்கு உடலை அசைப்பவர்கள், வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள்.

படி 5: சிவப்புக்கோடு

வாரச் சராசரி அடிப்படை எடையைவிட ஒன்றரை கிலோ தாண்டி இரண்டு வாரம் நின்றால், எடை குறைத்த காலத்து அளவுக்குத் திரும்புங்கள். பழைய எண் வந்ததும் உச்சவரம்புக்கு ஏறிவிடலாம். பட்டினி கிடக்க வேண்டாம். அதன் பின்னால் வரும் பசி இரண்டு மடங்கு.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா, கூழ், கல்யாண விருந்து எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. ஒரு வேளை சாப்பிடுங்கள், மிச்சத்தைப் பார்சல் கட்டாதீர்கள். அடுத்த வேளையே வழக்கத்துக்கு வாருங்கள். அதன் பிறகு நான்கு நாளைக்கு மெஷின் காட்டும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்யுங்கள். லோ கார்பில் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாக ஏறிவிடும். ஏறியிருந்தால் நெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து நல்லெண்ணெய், கடலை எண்ணெய், மீன் பக்கம் மாறி, அடுத்த ரிப்போர்ட்டையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.