பழுதைத் தேடுவதற்கும் கூலி உண்டு: சொந்தமாக கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவர்களுக்கு

ஸ்டார்ட் ஆகாத கார் ஒன்றை ஒருநாள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பேட்டரி நன்றாக இருந்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தனியே வைத்துச் சோதித்தேன், அதுவும் சுற்றியது. ரிலே, ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் என்று மூன்று மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸ் ஓரம் இருந்த எர்த் வயரின் போல்ட் கண்ணில் பட்டது. அடியில் பச்சை பூத்திருந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து முறுக்கியதும் முதல் சாவியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"ஒரு போல்ட்ட டைட் பண்ணதுக்கு என்னண்ணே காசு?" என்றார் வண்டிக்காரர். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் வாங்காமல் அனுப்பிவிட்டேன்.

அன்று இரவு ஒரு நோட்டைத் தொடங்கினேன். ஒவ்வொரு வண்டிக்கும் நான் செலவழித்த நேரம் ஒரு பக்கம், கூலி வாங்கிய நேரம் எதிர்ப்பக்கம். ஒரு மாதம் விடாமல் எழுதினேன். காலையிலிருந்து இரவு வரை கையில் கிரீஸ் காயாமல் உழைத்தும் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அந்த நோட்டில் அப்படியே தெரிந்தது. ஸ்பேர் மாற்றிய நேரத்துக்கெல்லாம் வாங்கியிருக்கிறேன். தேடிய நேரத்துக்கு வாங்கவே இல்லை. இன்றைய கார்களிலோ தேடுவதுதான் பெரிய வேலை. தனியாகக் கடை போட்டிருப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பானெட்டைத் திறக்கும் முன்

வண்டி உள்ளே வந்ததும் ஸ்பானரை எடுக்காதீர்கள், பேனாவை எடுங்கள். ஜாப் கார்டில் வண்டிக்காரர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "முன்பக்கம் கடகடன்னு சத்தம்" என்றால் அப்படியே எழுதுங்கள். அதை நீங்களாகவே "சஸ்பென்ஷன் பழுது" என்று மாற்றி எழுதினால் மெக்கானிக் சஸ்பென்ஷனைத்தான் தேடுவார். சத்தம் தளர்ந்துபோன எக்ஸாஸ்ட் கிளாம்பிலிருந்து வந்திருக்கும்.

அப்புறம் கேளுங்கள். இன்ஜின் சூடானபோதா, காலையில் முதல் ஸ்டார்ட்டிலா? எந்த வேகத்தில்? பிரேக் மிதிக்கும்போதா, வளைவில் திருப்பும்போதா? எப்போதிலிருந்து? இதற்கு முன் வேறு யாராவது கை வைத்தார்களா? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேட்க வேண்டும். வேறு கடையைக் குறை சொல்வதற்காக இல்லை. ஏற்கெனவே மாற்றிய ஸ்பேர் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தால் தேடும் திசையே மாறிவிடும்.

முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வாருங்கள். எந்தச் சத்தத்தைச் சொல்கிறார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நான் ஒருமுறை வீல் பேரிங் மாற்றிக் கொடுத்தேன். அவர் சொன்னதோ டேஷ்போர்டுக்குள் கேட்ட சத்தத்தை. பேரிங்கும் தேய்ந்துதான் இருந்தது, ஆனால் அவர் அதற்காக வரவில்லையே.

அடுத்து கூலி. பழுதைக் கண்டுபிடிக்க முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்து, சாவியை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொல்வது இதுதான்: "முதல் ஒரு மணி நேரம் சோதிச்சுப் பார்ப்போம், அதுக்கு இவ்வளவு. காரணம் தெரிஞ்சதும் போன் பண்றேன். தெரியலைன்னா அதுவரைக்கும் என்னென்ன பார்த்தோம்னு சொல்லி, மேற்கொண்டு தேடலாமான்னு கேட்பேன். கேட்காம எதையும் கழட்ட மாட்டோம்." சிலர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும். ஆரம்பத்தில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் நின்றவர்களோடு கணக்கில் சண்டையே வந்ததில்லை.

கோடு என்பது ஸ்பேரின் பெயர் இல்லை

காரின் கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீட்டைத்தான் கோடு என்கிறோம். அதைப் படிக்க உதவும் ஓபிடி 2 சாக்கெட் அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமானது. இன்று 16 பின் கொண்ட அந்த சாக்கெட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதில் செருகும் சின்ன ஸ்கேனரை வண்டிக்காரர்களே வாங்கி வைத்திருக்கிறார்கள். "பி0420 காட்டுது, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாத்திடுங்க" என்று வந்து நிற்பார்கள். அந்தக் கோடு சொல்வது, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இருப்பதாகக் கணினிக்குத் தெரிகிறது என்பதை மட்டும்தான். எக்ஸாஸ்ட்டில் கசிவு இருந்தாலும் அந்தக் கோடு வரலாம், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் வரலாம். கன்வெர்ட்டரே போயிருந்தாலும் சும்மா போயிருக்காது. இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகி எரியாத பெட்ரோல் உள்ளே போய்ச் சுட்டிருக்கலாம், இன்ஜின் ஆயில் எரிந்திருக்கலாம். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் வீணாகும்.

பி0171 இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் மெலிந்திருப்பதைச் சொல்லும் கோடு. பலரும் உடனே ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுவார்கள். அது உள்ளதைச் சொல்லும் சாட்சியாகவே இருக்கக்கூடும். வெடித்த வேக்கும் ஹோஸ், அழுக்கேறிய காற்றளவு சென்சார், சோர்ந்துபோன பெட்ரோல் பம்ப் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் சிலிண்டருக்கு ஒன்று இருக்கும் இன்ஜினாக இருந்தால் முதல் காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் பழுது. மாறவில்லை என்றால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகலாம். காசில்லாத சோதனை இது.

கோடை அழிப்பதற்கு முன், அதோடு பதிவாகியிருக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது வந்த நேரத்தில் இன்ஜின் வேகம், கூலன்ட் சூடு, வண்டியின் வேகம் எல்லாம் அதில் இருக்கும். அழித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

அந்த எர்த் போல்ட்டுக்கு வருகிறேன். இன்று அதே கார் வந்தால் செல்ஃப் மோட்டாரைத் தொடவே மாட்டேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, வேறொருவரை ஸ்டார்ட் சாவியைத் திருப்பச் சொல்வேன். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரம் ஐந்து நிமிடமாகிறது. ஆனால் கட்டணத்தை நான் ஐந்து நிமிடத்துக்குக் குறைப்பதில்லை. அந்த ஐந்து நிமிடத்தைக் கற்க எத்தனை வருடம் ஆனது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சோதனைக்கு நிலையான தொகை வைத்திருக்கிறேன்.

ஒரு மணி நேரக் கூலியைக் கணக்கிடுவது

பக்கத்துக் கடையில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேட்டு அதில் கொஞ்சம் குறைத்து வைப்பதுதான் வழக்கம். அது கணக்கே இல்லை. வாடகை, மின்சாரம், சம்பளம், காப்பீடு, கருவிகளின் தேய்மானம், ஸ்கேனருக்கான வருடச் சந்தா, இவற்றோடு உங்கள் சொந்தச் சம்பளத்தையும் கூட்டுங்கள். உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு "மிச்சம் வருவது எனக்கு" என்று நினைத்தால் மிச்சம் வராது.

அதை எதால் வகுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. இரண்டு மெக்கானிக்குகள், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 400 மணி நேரம். ஆனால் அவ்வளவும் பில்லில் வராது. ஸ்பேருக்குக் காத்திருப்பது, இடத்தைக் கூட்டுவது, போன் பேசுவது, திரும்பி வந்த வண்டியைப் பார்ப்பது எல்லாம் போக 240 மணி நேரம்தான் விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 ஆல் வகுத்து 100 என்று வைத்த கூலி உண்மையில் 167 ஆக இருக்க வேண்டும். நீங்கள் விற்கும் மணி நேரம் எத்தனை என்று தெரிய, நான் எழுதியது போல ஒரு மாதம் எழுதினால் போதும்.

ஸ்பேரில் வரும் லாபத்திலும் இதே குழப்பம் உண்டு. 100க்கு வாங்கி 125க்கு விற்றால் விற்பனையில் லாபம் 20 சதவீதம்தான், 25 இல்லை. வருடக் கடைசியில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

ஸ்பேர்

ஆர்டர் கொடுக்கும் முன் வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணான வின் எண்ணைப் பாருங்கள். மாடலும் வருடமும் மட்டும் போதாது. ஒரே வருடத்து ஒரே மாடலில் இரண்டு அளவு பிரேக் டிஸ்க் வருவது சாதாரணம். வின் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. அதனால் அப்படித் தெரிவது ஒன்று அல்லது பூஜ்யம்தான். போனில் படித்துச் சொல்லும்போது இது கை கொடுக்கும்.

ஸ்பேர் வந்ததும் பெட்டியைத் திறந்து பழையதோடு ஒப்பிடுங்கள். கிளட்ச் போன்ற உள்ளே இருக்கும் சாமானை அப்படிப் பார்க்க முடியாது. அதற்கு வின் எண்ணையும் பெட்டியில் உள்ள பார்ட் நம்பரையும் சரிபார்த்த பிறகே கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பல் எண்ணிக்கை மாறிய கிளட்ச் பிளேட் ஒன்றால் என் லிஃப்ட் இரண்டு நாள் முடங்கிக் கிடந்தது. பிளேட் விலையைவிட லிஃப்ட் நின்றதில்தான் நஷ்டம், அந்த இரண்டு நாளும் வேறு எந்த வண்டியும் ஏற முடியவில்லை.

வண்டிக்காரரே ஸ்பேர் வாங்கி வந்தால் நான் பொதுவாக ஏற்பதில்லை. ஏற்கிற நாளில், அந்தச் சாமான் கெட்டுப்போனால் மறுபடி கழற்றி மாட்டக் கூலி உண்டு என்று கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். பிரேக், ஸ்டியரிங் சாமான் என்றால் அதற்கும் சம்மதிப்பதில்லை. விலை கூடிய ஸ்பேருக்கு அட்வான்ஸ் வாங்காமல் ஆர்டர் போடாதீர்கள். உங்கள் கைக்காசு அடுத்தவர் வண்டியில் முடங்கினால் மாதச் சம்பளம் கொடுக்கும் நாளில் தெரியும்.

திரும்பி வரும் வண்டி

எத்தனை கவனமாக இருந்தாலும் சில வண்டிகள் திரும்பி வரும். அன்று வேறு என்ன வேலை இருந்தாலும் அதை முதலில் எடுங்கள். வாசலில் வைத்து வாதாட வேண்டாம். செய்தவரையும் செய்யாத இன்னொருவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தன் கையால் செய்த தவறு தன் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது.

எங்கள் கடையில் பிரேக் பேடு மாற்றிப் போன ஒரு கார் மறுநாள் "முன்சக்கரம் ஆடுற மாதிரி இருக்கு" என்று வந்தது. வீல் நட்டுகள் கையால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. கடைசி முறுக்கு முறுக்கும் நேரத்தில் நான்தான் பையனை வேறு வேலைக்குக் கூப்பிட்டிருந்தேன். அந்தக் காரில் ஒரு குடும்பம் வந்திருந்தது. அதை இன்றும் என்னால் சாதாரணமாக நினைக்க முடியவில்லை. அன்று முதல் சக்கரம் கழற்றிய எந்த வண்டியும், முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு எதிரெதிர் நட்டாக முறுக்கி, இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கார்டில் கையெழுத்துப் போடாமல் வெளியே போகாது. நட்டை முறுக்கிக்கொண்டிருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது, நானும்தான்.

பிரேக் ஆயிலிலும் இப்படி ஒரு விதி வைத்திருக்கிறேன். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 155 டிகிரி. மலைச்சாலை இறக்கத்தில் அந்த இடைவெளிதான் பிரேக் பிடிக்குமா பிடிக்காதா என்பதை முடிவு செய்யும். திறந்து நாள்பட்ட டப்பாவில் மிச்சம் இருப்பதை வண்டியில் ஊற்றுவதில்லை, கொட்டிவிடச் சொல்கிறேன்.

தெரியாத வேலை

ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்தால் அதில் சில நூறு வோல்ட் இருக்கலாம். முறையான பயிற்சி, காப்புக் கையுறை, உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பின் தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து மீட்டரில் பூஜ்யம் பார்க்கும் பழக்கம், இவை மூன்றும் இல்லாமல் யாரும் கை வைக்க வேண்டாம். முன்கண்ணாடியில் கேமரா உள்ள கார்களில் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும். அந்தக் கருவி என்னிடம் இல்லை, முன்கூட்டியே சொல்லி வேறு இடத்துக்கு அனுப்புகிறேன். சாவி கோடிங், டீசல் இன்ஜெக்டர், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மூன்றுக்கும் நம்பிக்கையான ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். அவர்கள் சாதாரண வேலைகளை என்னிடம் அனுப்புகிறார்கள்.

வண்டியைக் கொடுக்கும்போது கழற்றிய பழைய சாமானை டிக்கியில் வைத்துக் காட்டுங்கள். உடனே செய்ய வேண்டியது, ஆறு மாதம் தாங்குவது இரண்டையும் பிரித்து எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து நானே போன் செய்து சத்தம் போய்விட்டதா என்று கேட்பேன். அவர் சொல்வதை அதே கார்டின் கடைசி வரியில் எழுதி, வண்டி எண் வரிசையில் அலமாரியில் வைத்துவிடுவேன். அடுத்த முறை அந்த வண்டி வாசலில் நிற்கும்போது முதலில் அதை எடுத்துத்தான் படிக்கிறேன்.