பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்: பாகங்கள் பொருந்தாதபோது என்ன செய்வது?

உடற்பகுதியின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறீர்கள், நடுவே வெளிச்சம் தெரிகிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் உடனே பட்டி (இடைவெளியை நிரப்பும் களிம்பு) டியூபைத் தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இடைவெளி ஓரிடத்தில் தெரியும், அதற்கான காரணம் வேறிடத்தில் இருக்கும். பல நேரம் உள்ளே ஏதோ ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கண்டுபிடித்துச் சீவிவிட்டால் பட்டிக்கு வேலையே இருக்காது.

உதாரணத்துக்கு 1/72 அளவிலான ஹாக்கர் ஹண்டரை எடுத்துக்கொள்வோம். 1970களில் நம் சிங்கப்பூரின் தெங்கா விமானத் தளத்திலிருந்து பறந்த அதே போர் விமானம். இறக்கை முனையிலிருந்து முனைக்குச் சுமார் 14 சென்டிமீட்டர்தான் வரும். இந்த அளவில் அரை மில்லிமீட்டர் இடைவெளி என்றால், நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர். விரலையே நுழைத்துவிடலாம்! அதனால்தான் பொருத்தத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

சாமான்கள் அதிகம் வேண்டாம். கூரான கத்தி, மாஸ்க்கிங் டேப், 400, 600, 1000 எண் உப்புத்தாள், பச்சை மூடி போட்ட தமியா மெல்லிய பசை, சூப்பர் குளூ, 0.13 மற்றும் 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு. உப்புத்தாளும் டேப்பும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் உள்ள ஓவியப் பொருள் கடைகளில் கிடைக்கும்.

முதல் படி: வெட்டிச் சுத்தம் செய்தல்

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு வெட்டாக எடுங்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சமிருக்கும் துண்டை அப்புறம் கத்தியால் சீவுங்கள். ஒட்டும் விளிம்பில் தூசியளவு பிசிறு இருந்தாலும் இரண்டு பாதிகளும் மூடாது. உட்புறத்தில் வட்டமாகப் புடைத்திருக்கும் தடங்களையும் தேய்த்துவிடுங்கள். அவை அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளி எடுத்த ஊசிகளின் தடங்கள். விளிம்பே மேடுபள்ளமாக இருந்தால், உப்புத்தாளைத் தட்டையான ஓட்டின் மேல் ஒட்டி, பாதியைக் கவிழ்த்து வைத்து மூன்று நான்கு முறை மட்டும் தேயுங்கள். அதற்கு மேல் தேய்த்தால் உடல் ஒல்லியாகிவிடும், கண்ணாடி மூடி, இறக்கை என்று எல்லாமே தவறிப்போகும்.

இரண்டாம் படி: பசையில்லாமல் பொருத்திப் பார்த்தல்

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். இரண்டு பாதிகளையும் காலியாக டேப் போட்டு மூடுங்கள். சரியாக மூடுகிறதா? காக்பிட்டை (விமானி உட்காரும் தொட்டி) உள்ளே வைத்து மறுபடி மூடுங்கள். பிறகு பின்பக்கப் புகைபோக்கிக் குழாய், பிறகு மூக்குச் சக்கரக் குழி. ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது எது போனதும் வாய் திறக்கிறதோ, அதுதான் குற்றவாளி.

அது எந்த இடத்தில் இடிக்கிறது என்று தெரிய ஒரு வழி உண்டு. காக்பிட் தொட்டியின் ஓரத்தில் மார்க்கரால் தடவி, மை காய்வதற்குள் மூடித் திறந்து பாருங்கள். உட்சுவரில் மை பட்ட இடம்தான் இடிக்கும் இடம். அங்கே மட்டும் சீவி, மறுபடி மூடிப் பாருங்கள். ஒட்டும் பரப்பில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். பெயின்ட்டுக்கும் தடிமன் உண்டு, அதோடு தமியா பசை பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பிடிக்கும், பெயின்ட் மேல் பிடிக்காது.

விரலால் லேசாக அழுத்தினால் மூடி, விட்டதும் திறந்துகொண்டால் அது வெறும் வளைவுதான். மூன்று சென்டிமீட்டர் ஒட்டி, காய விட்டு, அடுத்த மூன்று சென்டிமீட்டருக்குப் போங்கள். தூரிகை நுனியால் இரண்டு பாதிகளும் சேரும் கோட்டில் தொட்டாலே பசை தானாக உள்ளே ஓடும். கோட்டின் மேல் விரலோ டேப்போ இருந்தால் அதற்கு அடியிலும் ஓடி, ரேகையை அப்படியே பதித்துவிடும், கவனம். ஹண்டர் மூக்குச் சக்கரம் கொண்ட விமானம், எனவே வால் தரையில் உட்காராமல் இருக்க, மூடுவதற்கு முன் மூக்கில் எடை வையுங்கள். அந்த எடையும் இடிக்கக்கூடும், அதோடும் ஒருமுறை மூடிப் பாருங்கள்.

மூன்றாம் படி: இறக்கை உடலோடு சேரும் இடம்

ஹண்டரின் காற்று நுழைவாய்கள் இறக்கை உடலோடு சேரும் இடத்திலேயே இருப்பதால் எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். இறக்கையின் உள்முகத்தை நடுவில் லேசாகக் குழிவாகச் சீவுங்கள், வெளி விளிம்பைத் தொடாதீர்கள். விளிம்பு மட்டும் உடலைத் தொட்டால் கோடு மெல்லியதாகிவிடும். இறக்கை உடலைவிடத் தடிமனாக நின்றால், மேல் கீழ் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே அவற்றின் உட்பரப்பைத் தேய்த்து மெலியவையுங்கள். மெல்லியதாக இருந்தால் இடையில் தகடு கொடுங்கள். வெளியே தேய்த்தால் பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கீறல்கள்) அழிந்துவிடும்.

ஸ்பிட்ஃபயர் போன்ற தாழ்ந்த இறக்கை விமானத்துக்கு வைத்தியம் வேறு. இரண்டு பக்கமும் இடைவெளி இருந்தால், உடலுக்குள் குறுக்கே சட்டக் குச்சி ஒன்றை வெட்டி வைத்து அகலப்படுத்துங்கள். பிறகு இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு டேப்பை இழுத்து ஒட்டினால் இறக்கை மேலே தூக்கிக்கொண்டு இடைவெளி மூடும். இறக்கையின் நிமிர்வு சரியா என்று முன்பக்கமாகப் பார்த்த பிறகே பசை.

நான்காம் படி: மிச்சத்தை நிரப்புதல்

காகிதம் நுழையும் இடைவெளி என்றால் தகட்டைச் சீவிச் செருகி ஒட்டுங்கள். மயிரிழைக் கோடு என்றால் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான திரவ நிரப்பி. தேய்க்க முடியாத மூலைகளுக்குத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பட்டியை வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்தால் போதும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியை எடுத்துவிடாதீர்கள், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அது சட்டென்று பிடித்துக்கொள்ளும், நாள் போகப் போகப் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகும். அதனால் இறுகியதும் அன்றே தேய்த்துவிடுங்கள். டால்கம் பவுடர் கொஞ்சம் கலந்தால் தேய்ப்பது சுலபம். டியூப் பட்டி நேர்மாறு. அது காயும்போது சுருங்கும், ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

தேய்க்கும்போது கோட்டின் இரு பக்கமும் டேப் ஒட்டி, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தூசி வீட்டுக்குள் பறக்காது, வீவக அடுக்குமாடி வீட்டில் அது பெரிய நிம்மதி. பிறகு சன்னலைத் திறந்துவைத்துச் சாம்பல் ப்ரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். கண்ணுக்குத் தப்பிய கோடெல்லாம் அதில் தெரியும். அந்த இடத்தை மட்டும் நிரப்பித் தேய்த்து மறுபடி அடியுங்கள். கண்ணாடி மூடிக்குச் சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைப் பல் குச்சியால் விளிம்பில் ஓட்டினால், மூடியும் ஒட்டும், சிறு இடைவெளியும் அடைபடும்.