சிவப்பு விளக்கும் ரப்பர் ஷீட் கட்டும்

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு. ஒரு மழைநாளில் இணையம் போனது. மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மினுங்கியது. அவசரப்பட்டு ரீசெட் பொத்தானைக் குண்டூசியால் அழுத்தினேன். நானே விலைக்கு வாங்கிய வம்பு அது.

எல்.ஓ.எஸ். சிவப்பு என்றால் ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். செட்டிங்கைக் கலைத்துப் பயனில்லை. ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். மூலையில் அப்பா காய்ந்த ரப்பர் ஷீட்டைக் கட்டாகச் சாத்தி வைத்திருந்தார். அதற்கடியில் மஞ்சள் ஒயர் மடங்கிக் கிடந்தது. உள்ளே இருப்பது தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை. கூர்மையாக வளைந்தால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். கட்டை நகர்த்தி, ஒயரை உள்ளங்கை அகல வட்டமாகச் சுற்றித் தொங்கவிட்டேன். நல்லவேளை, இழை முறியவில்லை. சிவப்பு அணைந்தது, ஃபைபர் இணைப்பு கிடைத்ததைக் காட்டும் பான் விளக்கு பச்சையாக நின்றது.

அப்புறம்தான் ரீசெட்டின் பலன். வைஃபை பெயர் உட்பட எல்லாம் அழிந்திருந்தது. மோடத்துக்கு அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு 192.168.1.1 என்ற மோடத்தின் செட்டிங் பக்கத்தில் நுழைந்து, நெட் கம்பெனியோடு இணைய வேண்டிய பிபிபிஓஇ யூசர்நேம், அதன் பாஸ்வேர்டு, கம்பெனி தன் இணையத் தடத்துக்கு வைத்திருக்கும் வி-லான் எண் மூன்றையும் திரும்பக் கொடுத்தேன். இணைப்பு தந்த அன்று எழுதிக் கொடுத்த சீட்டு, அம்மாவின் ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக இருந்தது.

"மக்கா, நெட்டு வந்தாச்சா?" என்றார் அப்பா, மறுபடி அதே மூலையைப் பார்த்தபடி.