நெல்லிக் கிரஸ்ஸுக்கு மெற்றாபைசல்பைற் அளந்து போடுறது எப்பிடி?

எங்கட வன்னிப் பக்கம் வீட்டில கிரஸ் (தண்ணி விட்டுக் கரைச்சுக் குடிக்கிற சீனிச்சாறு) செய்யிற கனபேர், அது பழுதாகாமல் இருக்கப் போடுற சோடியம் மெற்றாபைசல்பைற் தூளை "ஒரு நுள்ளு" எண்டுதான் போடுறவை. நுள்ளு ஆளுக்கு ஆள் மாறும், அதுதான் எனக்குப் பயம். அளந்து போட்டால் நல்ல சாமான், பூஞ்சணம் பிடிக்காது, நுரைச்சுப் புளிக்காது, நிறமும் விற்றமின் சியும் கெதியாப் போகாது.

சிலர் அதுக்குப் பதிலா சோடியம் பென்சோயேற் போடச் சொல்லுவினம், அதுவும் பழுதாகாமல் வைக்கிற சாமான்தான். நெல்லிக்கு அது வேண்டாம். பென்சோயேற்றும் விற்றமின் சியும் ஒண்டாக் கிடந்து சூடு, வெளிச்சம் பட்டால் பென்சீன் எண்ட புற்றுநோய்ப் பொருள் கொஞ்சமா உண்டாகலாம், நெல்லியில விற்றமின் சி கனக்க, சோளகம் வீசுற மாதங்களில இஞ்சத்தை வெக்கையும் உங்களுக்குத் தெரியும்தானே.

1. கேக் சாமான் கடையில உணவுக்குரியது எண்டு எழுதின பைக்கற்றா வாங்குங்கோ, உணவுச் சேர்மான இலக்கம் 223. துறந்தால் நெருப்புக்குச்சி உரசின உடனை வாற மாதிரி மூக்கில ஏறவேணும். மணமே இல்லாட்டி வீரியம் போட்டுது, எறிஞ்சிட்டு வேற வாங்குங்கோ.

2. நெல்லியை அவிச்சு, கொட்டை எடுத்து, அடிச்சு வடிச்ச சாறு 1 லீற்றர். சீனி ஒண்டரைக் கிலோவை அரை லீற்றர் தண்ணியில காய்ச்சி, ஆறவிட்டு, சாறோட கலவுங்கோ. இரும்புச் சட்டி கூடாது, நெல்லித் துவர் பட்டால் கறுத்துப்போகும்.

3. நல்லா ஆறினாப் பிறகுதான் மெற்றாபைசல்பைற். கிரஸ்ஸைக் காக்கிறது அதில இருந்து வாற சல்பர் டையொக்சைட்தான், சூட்டோட போட்டால் அது வாயுவாப் பறந்திடும், போத்தலுக்க கனக்க மிஞ்சாது, உங்கட நெஞ்சுதான் எரியும்.

4. இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கோ. ஒரு லீற்றர் கிரஸ்ஸுக்கு அரைக் கிறாம் காணும், ஆனா குசினித் தராசில அரைக் கிறாம் வடிவாக் காட்டாது. அதால 5 கிறாமை நிறுத்து, கொதிச்சாறின தண்ணியில கரைச்சு, மொத்தம் 100 மில்லிலீற்றர் வாற மாதிரி எடுங்கோ. அதில 10 மில்லிலீற்றருக்குள்ள அரைக் கிறாம் இருக்கும். பார்மசியில வாங்கின ஊசியில்லாத புதுச் சிறிஞ்சால உறிஞ்சி, கிரஸ் எத்தினை லீற்றரோ அத்தினை தரம் விட்டுக் கலக்குங்கோ. மேல சொன்ன அளவுக்கு ரெண்டே கால், ரெண்டரை லீற்றர் வரும், அளந்து பாத்திட்டு விடுங்கோ. மிச்சக் கரைசலை வைக்காதேங்கோ, வீரியம் இறங்கிடும். காத்தோட்டமான விறாந்தையில செய்யுங்கோ, தூளில நேர தேசிப்புளி, சிற்றிக் அசிட் படவிடாதேங்கோ, அந்த வாயு நிண்ட இடத்தில மூச்சை அடைக்கும்.

இப்ப ஆருக்கு எவ்வளவு எண்டு பாப்பம். அந்த அரைக் கிறாமால லீற்றருக்குக் கிட்டத்தட்ட 340 மில்லிகிறாம் சல்பர் டையொக்சைட் வரும். ஒண்டுக்கு நாலு தண்ணி விட்டுக் கரைச்ச 200 மில்லிலீற்றர் கிளாசில 13, 14 மில்லிகிறாம். ஐ.நா.வின்ர உணவு, சுகாதார நிபுணர் குழு சொன்ன நாள் எல்லை உடம்பு நிறை ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிறாம், அப்ப 20 கிலோப் பிள்ளைக்கு அந்த ஒரு கிளாசோடயே கணக்கு முடிஞ்சுது. 2022 இல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, சல்பைற் சேர்த்த சாப்பாடு, குடிவகை கனக்க எடுக்கிறவைக்கு இது கவலைக்குரியது எண்டும் சொல்லிப்போட்டுது. பெரியாக்கள் நாளைக்கு ஒண்டு குடிக்கலாம், சின்னனுகளுக்கு அரைக் கிளாஸ், அதுவும் எப்பவாவது.

முட்டு வருத்தம் உள்ளவைக்கு குடுக்காதேங்கோ, அவையில கொஞ்சப் பேருக்கு சின்ன அளவே இழுப்பைக் கிளப்பும். அவைக்கெண்டு மெற்றாபைசல்பைற் விடமுதலே ஒரு போத்தலை எடுத்து பிறிட்ஜில வைச்சு ஒரு கிழமைக்குள்ள முடியுங்கோ.

அவிச்சுக் காயவைச்ச கண்ணாடிப் போத்தலில கழுத்துவரைக்கும் விட்டு, செய்த திகதியோட "சல்பைற் சேர்த்தது" எண்டு வெளியில ஒட்டுங்கோ, விக்கிறதெண்டாலும் சரி, சொந்தக்காரருக்குக் குடுத்துவிடுறதெண்டாலும் சரி.