புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பிறகு உறவு: ஆண்களை விரும்பும் ஆண்களுக்கு

சிகிச்சையை முடிவுசெய்யும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: ஆசனவாய் உறவில் நீங்கள் டாப்பா (உள்ளே செலுத்துபவர்), பாட்டமா (ஏற்பவர்), இரண்டுமா என்று. "மனைவி வந்திருக்காங்களா?" என்று ஆரம்பிப்பவர் இதைத் தானாகக் கேட்கமாட்டார். கேட்காவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அறுவையில் விறைப்புக்கான நரம்புகள் அடிபடலாம். ஆசனவாய் உறவுக்கோ கூடுதல் விறைப்பு தேவை. கதிர்வீச்சு மலக்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கலாம். பாட்டமாக இருப்பவருக்கு அது வலியும் ரத்தக்கசிவும். புராஸ்டேட்டை எடுத்துவிட்டால் அது தந்த சுகமும் போய்விடும். இது உண்மையான இழப்பு. வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாட்டமாக இருப்பவர் காத்திருக்கவேண்டிய காலம்: அறுவைக்குப் பின் 6 வாரம், உடம்புக்கு வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு முடிந்து 2 மாதம், புராஸ்டேட்டுக்குள் சிறு கதிரியக்க விதைகள் (துகள்கள்) பதித்திருந்தால் 6 மாதம். ரத்தம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அறுவைக்குப் பின் நரம்பு தேற இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை கைகொடுப்பது வாக்குவம் பம்ப்: குழாயில் காற்றை உறிஞ்சி, ஆணுறுப்புக்குள் ரத்தத்தை இழுத்து விறைக்கவைக்கும் கருவி. ஆணுறுப்பின் அடியிலுள்ள முடியை ஒட்ட வெட்டுங்கள். முடி இருந்தால் காற்று கசியும், உறிஞ்சாது. குழாயின் விளிம்பில் தண்ணீர் சார்ந்த ஜெல் தடவி, உடம்போடு அழுத்திப் பிடித்து, இரண்டு மூன்று அழுத்து, சற்று நிறுத்தி, மறுபடி. அவசரப்பட்டால் தோல் கன்றிப்போகும். விறைத்ததும், ரத்தம் திரும்பாமல் பிடித்துவைக்கும் வளையத்தைக் குழாயிலிருந்து உறுப்பின் அடிப்பகுதிக்கு நகர்த்துங்கள். உறுப்பு சற்றுக் குளிர்ந்து நீலம்பாரிப்பது இயல்பு. 30 நிமிடத்துக்குள் வளையத்தைக் கழற்றியே ஆகவேண்டும். விதைப்பையின் தோலும் உள்ளே இழுபட்டால் குழாய் பெரிது. சிறிய அளவு கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே பம்ப்பைத் தொடவேண்டும்.

விறைப்புக்கான மாத்திரை சில்டெனாஃபில் (வயாக்ரா) என்றால் வெறும் வயிற்றில், ஒரு மணி நேரம் முன்பு. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலைசெய்யத் தாமதமாகும். ஆசை எழாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட், பார்ட்டிகளில் போதைக்காகக் குப்பியிலிருந்து முகரும் பாப்பர்ஸ், இரண்டோடும் இதைச் சேர்க்கவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். அறுபது தாண்டியவர்களில் இதயநோயும் இருப்பவர் பலர், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

அறுவைக்குப் பின் உச்சம் வரும், விந்து வராது. துணையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன்மேல் ஆசையில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளக்கூடும். உச்சத்தில் சிறுநீர் கசிந்தால் பயப்படாதீர்கள்: முன்பே கழித்துவிட்டு வாருங்கள், துண்டு ஒன்று விரித்துக்கொள்ளுங்கள். விந்து இல்லையென்று ஆணுறையை விட்டுவிடாதீர்கள். பால்வினை நோய்கள் சில தோலுரசலிலும் தொற்றும்.