லேப்டாப்பில் மைனஸ் 2, தோட்டத்தில் 254

ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடா பக்கம் கேரட் போட்டவர்களுக்கு டிசம்பர், ஜனவரி வந்தால் தூக்கம் கெடும். உறைபனி விழுந்தால் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்துக் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகிவிடும். ஆளை எழுப்பிவிட ஒரு சென்சார், ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, சின்னதாக ஒரு சி ப்ரோக்ராம் போதும். அப்படி எழுதியதை என்னிடம் கொண்டுவந்து, "லேப்டாப்பில் ஓடுதுங்க, தோட்டத்தில் அலாரம் அடிக்க மாட்டேங்குது" என்பார்கள்.

நான் முதலில் பார்ப்பது வெப்பநிலையை ஒரு பைட் மட்டுமே பிடிக்கும் 'கேர்' (char) வகையில் வைத்திருக்கிறார்களா என்பதை. ஒரு பைட் போதுமே என்று அப்படி எழுதிவிடுகிறார்கள். ஆனால் 'கேர்' மைனஸ் எண்ணை ஏற்குமா என்பதை சி தரநிலை, ப்ரோக்ராமை மெஷினுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் லேப்டாப்பில் ஜிசிசி என்ற கம்பைலர் ஏற்கும்: மைனஸ் 128 முதல் 127 வரை. ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஆர்ம் சிப்; அதன் லினக்ஸில் அதே ஜிசிசி 0 முதல் 255 வரைதான் வைத்துக்கொள்ளும். அங்கே மைனஸ் 2 டிகிரி 254 ஆகிவிடும். '2 டிகிரிக்குக் கீழே போனால் அலாரம்' என்ற வரி 254-ஐப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கும். விஷமம் என்னவென்றால், 1 டிகிரியில் ஒழுங்காக அடிக்கும். அக்டோபரில் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

'கேர்' இருக்கும் இடத்தில் 'இன்ட்8_டி' (int8_t) போடுங்கள். அது எங்கேயும் மைனஸ் எண்ணை ஏற்கும். 1999 தரநிலையிலிருந்தே இருக்கிறது. பனிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். லேப்டாப்பிலேயே ஜிசிசிக்கு 'கேர்'-ஐ மைனஸ் ஏற்காததாக மாற்றும் 'எஃப்-அன்சைன்ட்-கேர்' (-funsigned-char) ஃபிளாக் கொடுத்து, சென்சாருக்குப் பதிலாக மைனஸ் 5-ஐ உள்ளே விட்டுப் பாருங்கள். ஃபைலில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்து 'கேர்'-இல் போட்டு, முடிந்ததா என்று மைனஸ் 1-உடன் ஒப்பிடும் லூப்பும் இந்த ஃபிளாக்கில் மாட்டும். அது நிற்கவே நிற்காது.

அப்புறம், அர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டு. அதன் ஆர்3 வரையிலான மாடல்களில் 'இன்ட்' 16 பிட், உச்சம் 32,767. ஒரு நிமிஷம் நிற்க, மில்லிசெகண்டில் கணக்கிடும் 'டிலே'-க்குள் 60 * 1000 என்று எழுதினால் பெருக்கல் வழிந்து பெரும்பாலும் மைனஸ் 5,536 ஆகும். 'டிலே' அதை மைனஸ் இல்லாத 32 பிட் எண்ணாக எடுத்துக்கொண்டு 49 நாளுக்கு மேல் தூங்கும். பனிக்காலம் பாதி போய்விடும்! 60-க்குப் பின்னால் 'யூஎல்' (UL) சேர்த்தால் தீர்ந்தது. கம்பைலர் இதை எச்சரிக்கும்தான். ஆனால் அர்டுயினோ செட்டிங்ஸில் எச்சரிக்கைகள் ஆரம்பத்தில் அணைந்தே கிடக்கும். முதல் வேலையாக 'ஆல்' என்று மாற்றுங்கள்.

ஒரே ஃபங்ஷன் அழைப்புக்குள் சென்சாரை இரண்டு முறை படிக்காதீர்கள். எதை முதலில் படிப்பது என்று தரநிலை சொல்லவில்லை. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் இடமிருந்து போகும். ஜிசிசி பல நேரம் வலமிருந்து வரும். சென்சார் எண்ணை இரண்டு பைட்டாக அனுப்பினால், மேல் பைட்டும் கீழ் பைட்டும் இடம் மாறிவிடும். இரண்டு தனி வரிகளாகப் படித்து, பிறகு அனுப்புங்கள்.

ஃபைலில் பதிந்து வேறு கணினியில் படிப்பவர்களுக்கு: 'லாங்' வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைலில் கொட்டினால் நடுவில் கம்பைலர் விடும் காலி இடமும் சேர்ந்து போகும். ஒவ்வொரு மதிப்பாக எழுதுங்கள்.

ப்ரோக்ராம் ஓடும்போதே தப்பைப் பிடிக்கும் சானிடைசர் போட்டால் எல்லாம் பிடிபடும் என்று நம்ப வேண்டாம். 'கேர்' சங்கதி தரநிலைப்படி தப்பே இல்லை, அதனால் வழக்கமான சானிடைசர் வாய் திறக்காது. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் எச்சரிக்கைகளோடு கம்பைல் செய்வதை, கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலிலேயே எழுதி வையுங்கள்.