மார்கழியில் ஐரோப்பா: எதுவரை ரயில், எங்கிருந்து கார்?

திருகோணமலையில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் மார்கழி விடுமுறையில்தான் நம்மவர் பலர் சுவிஸிலும் ஜேர்மனியிலும் பிரான்சிலும் உள்ள உறவுகளைப் பார்க்கப் புறப்படுகிறார்கள். கொழும்புக்குப் போவதென்றால் இரவு ரயிலா, வானா என்பதை ஆட்களின் எண்ணிக்கையையும் செலவையும் வைத்தே முடிவு செய்து பழகிவிட்டோம். ஐரோப்பியக் குளிர்காலத்தில் அந்தக் கணக்கு பாதிதான் உதவும். காரை யார் ஓட்டப்போகிறார், அந்தப் பாதையில் எத்தனை மணிக்கு இருட்டும் என்ற இரண்டையும் முதலில் கேட்க வேண்டும்.

மார்கழி நடுப்பகுதியில் சூரிச்சில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒஸ்லோவில் மூன்றேகால் மணியளவிலேயே மறைந்துவிடும். வீதியின் இடப்பக்கமாக ஓட்டிப் பழகிய ஒருவர், வலப்பக்கமாக, இருட்டில், உறைந்த வீதியில் முதன்முறையாக ஓட்டுவது எனக்குச் சம்மதமில்லை. நிலாவெளி வீதியில் இருபது வருடம் ஓட்டிய அனுபவம் பனியில் பிரேக் பிடிப்பதைக் கற்றுத்தராது. ஆகவே, பனியில் ஓட்டிப் பழகிய உறவினர் ஒருவர் ஓட்டுவாரானால் மட்டுமே காரைப் பற்றி யோசிக்கலாம். நீங்களே ஓட்டுவதென்று தீர்மானித்தால், உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் இலங்கையிலேயே பெற்றுக்கொண்டு புறப்பட வேண்டும்.

வாடகைக் காரைப் பதிவு செய்யும்போது குளிர்கால டயர் பூட்டியிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஜேர்மனியில் வீதி பனியாகவோ உறைந்தோ இருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம் என்பதுடன், 2024 ஒக்டோபர் முதல் மூன்று சிகரமும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள டயர்கள் மட்டுமே அங்கு செல்லும். ஒஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிக்கால வீதி நிலையில் அதே கட்டாயம் உண்டு. சுவிஸ் அதிவேகப் பாதைகளுக்கு 40 பிராங்க் ஆண்டுக் கட்டண வில்லை தேவை. ஜேர்மனியில் எடுத்த காரில் அது பெரும்பாலும் இருக்காது. சுவிஸ் அல்ப்ஸ் மலையைக் கடக்கும் கொத்தார்ட் கணவாய் வீதி குளிர்காலத்தில் மூடப்படுவதால் கார்கள் 16.9 கிலோமீற்றர் சுரங்கத்துக்குள் நெருக்கியடிக்க, ரயிலோ 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியாக மலையின் அடியால் போய்விடும்.

பேர்னில் அண்ணன் வீட்டில் நின்றபோது, காலையில் காரின் முன்கண்ணாடியில் படிந்திருந்த ஐஸைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி எடுக்கவே கால்மணி நேரம் போனது. கண் தெரியுமளவுக்கு ஒரு துளை சுரண்டினால் போதாதா என்று கேட்டேன். அப்படி ஓட்டினால் தண்டம் கட்ட வேண்டும் என்றார், கையுறையைக் கழற்றாமலே.

நகரிலிருந்து நகருக்கு ரயில்தான் என்பது என் முடிவு. சூரிச் விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது; சூரிச் நகரிலிருந்து பேர்னுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பேர்னிலிருந்து பாரிசுக்குப் பாசலில் ரயில் மாற வேண்டும்; பாசலில் இருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் பாரிசின் ‘கார் து லியோன்’ (Gare de Lyon) ரயில் நிலையத்தில் இறங்கி, ஆர்.இ.ஆர். டி என்ற நகர ரயிலில் ‘கார் து நோர்’ (Gare du Nord) நிலையத்துக்குப் போய்விட்டால் லா சப்பல் பகுதியின் தமிழ்க் கடைகளுக்கு நடந்தே போகலாம். அதே பயணம் காரில் 550 கிலோமீற்றருக்கு மேல், அதாவது திருகோணமலை–கொழும்பு தூரத்தின் இரு மடங்கு. அதற்குப் பின் பாரிசில் காரை எங்கே விடுவது என்ற தலையிடி வேறு.

பிரான்சின் அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவு கட்டாயம். சுவிஸ் உள்ளூர் ரயில்களில் தேவையில்லை. மலிவான சீட்டுகள் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதால், விமானம் தாமதமாகக்கூடிய முதல் நாளுக்கு அவற்றை வாங்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தின் 25 வீதமும், இரண்டு மணி நேரத்துக்கு 50 வீதமும் திரும்பக் கிடைக்கும். கடும் பனிப்புயல் போன்ற அசாதாரணக் காரணங்களில் மறுக்கப்படலாம். எல்லையைக் கடக்கும் ரயிலில் பொலிசார் ஏறிச் சோதிப்பதுண்டு. கடவுச்சீட்டு பெட்டிக்குள் அல்ல, கையிலேயே இருக்கட்டும். மிளகாய்த்தூளும் அரிசிமாவுமாக முப்பது கிலோ நிறைந்த பெட்டியை நீங்களேதான் ரயில் படியில் தூக்கி ஏற்ற வேண்டும் என்பதையும் கட்டும்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கிராமத்தில் வீடு, கைக்குழந்தை, முழங்கால் வலியுள்ள அம்மம்மா என்று வந்தால் கார் தேவைப்படும். அப்போதும் அருகிலுள்ள நகரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து உறவினரை வரச்சொல்லுங்கள். அல்லது இரண்டு நாளுக்கு மட்டும் கார் எடுங்கள். எடுக்கும் நேரத்தையும் திருப்பிக் கொடுக்கும் நேரத்தையும் காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் இடையில் வைத்து, காரின் நான்கு பக்கத்தையும் பகல் வெளிச்சத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் சேறும் படிந்த காரில் பழைய கீறல் எது, புதியது எது என்பது இருட்டில் தெரியாது.